கை ஆறட்டும்

கோபம் வந்தால் அவர் தன் கை மேல் உட்கார்ந்துகொள்வார்.

பேச்சுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே. வாசல் படிக்கு வருவார். இரண்டு உள்ளங்கையையும் படியில் வைத்து அதன் மேல் தொடையைப் போட்டு அமுக்கிக்கொள்வார். ஆள் தொண்ணூறு கிலோ இருப்பார். கை எங்கேயும் போக முடியாது.

தெருவில் எல்லோருக்கும் இது பழகிவிட்டது. போகிறவர் வருகிறவர் கேட்பார்கள்.

"இன்னாண்ணா, கை சூடா?"

"ஆமாம்ப்பா. ஆறட்டும்."

அவ்வளவுதான் பேச்சு. சில நாள் பத்து நிமிஷத்தில் ஆறும். சில நாள் ஒரு மணி நேரம் ஆகும். ஆறினதும் எழுந்து உள்ளே போவார்.

பெயர் எழுதவில்லை. அவருக்குப் பிடிக்காது. நெல் மண்டியில் மூட்டை தூக்கினவர். முப்பது வருஷம். அவர் வீடும் என் வீடும் ஒட்டின வீடு. நடுவில் ஒரே சுவர். அங்கே பேசினால் எனக்குக் கேட்கும். இங்கே கத்தினால் அவருக்குக் கேட்கும். நான்தான் ஜாஸ்தி கத்துவேன்.

அந்தக் கையைப் பார்த்திருக்க வேண்டும். முறம் மாதிரி. மூட்டை இழுக்கிற கொக்கியைப் பிடித்துப் பிடித்து உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. சின்னப் பிள்ளைக்குத் திருநீறு வைத்தாலே நெற்றி சிவந்துவிடும். அது கன்னத்தில் பட்டால் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டியதில்லை.

அவருடைய சின்னப் பையன் பாலிடெக்னிக் படித்தான். ஒல்லி உடம்பு. வாய் மட்டும் அப்பாவைவிடப் பெரிசு. அப்பா வாசல் படிக்கு வருவதெல்லாம் அவனால்தான்.

என் வீட்டிலும் ஒருத்தி வளர்ந்துகொண்டிருந்தாள். என் மகள். எட்டாவது போனதிலிருந்து எதைச் சொன்னாலும் எதிர்ப்பேச்சு. என் கை அவர் கை மாதிரி இல்லை. நான் ஆட்டோ ஓட்டுகிற ஆள். கை சின்னது. ஆனால் சட்டென்று எழுந்துவிடும். ஓங்குவேன், என் வீட்டுக்காரி நடுவில் வந்து நிற்பாள், இறக்கிவிடுவேன். எத்தனை நாளைக்கு அவளே நடுவில் நிற்பாள் என்று எனக்கும் தெரியவில்லை.

ஒருநாள் சாயந்திரம் ஸ்டாண்டிலிருந்து வந்து வண்டியை நிறுத்தினேன். பக்கத்து வீட்டில் சத்தம். பையன் கத்துவது தெரு முழுக்கக் கேட்டது.

"நீ மூட்டை தூக்கற. மூட்டையப் பத்தி பேசு. என் போனப் பத்தி பேசாத."

அப்புறம் சத்தமே இல்லை. அவர் வெளியே வந்தார். கை மேல் உட்கார்ந்தார். முகம் செங்கல் மாதிரி இருந்தது.

அவர் வீட்டுக்காரம்மா டீ கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அவர் டீயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தம்பி, கொஞ்சம் புடிப்பா."

"ஏண்ணா, கை இருக்குதுல்ல?"

"கைய எடுத்தா எழுந்துடுவேன். எழுந்தா உள்ள போயிடுவேன். புடி."

டம்ளரை வாயருகே பிடித்தேன். ஒரு வாய் குடித்தார்.

"சுடுது. ஊதிக் குடு."

ஊதிக் கொடுத்தேன். தெருவில் போன பெண்கள் நின்று பார்த்துச் சிரித்தார்கள். அவர் வீட்டுக்காரம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"அப்பிடியே ரெண்டு இட்லியும் ஊட்டிட்டுப் போ தம்பி. புண்ணியமா போவும்."

முக்கால் மணி நேரம் ஆனது. எழுந்து கையை உதறிக்கொண்டு உள்ளே போனார். நான் என் வீட்டுக்குள் போய்ச் சுவரோரம் நின்றேன். இன்றைக்கு விழப் போகிறது என்று நினைத்தேன். சின்னக் குரலில் பேசினார்.

"நீ பேசினது எனக்கு வலிச்சுது. அது தப்பு. ரெண்டு நாளைக்கு பைக் சாவி என்கிட்ட இருக்கும். வேற ஒண்ணும் இல்ல. சாப்ட வா."

"எனக்கு வேணாம்."

"சரி. மூடி வைக்கச் சொல்றேன்."

முடிந்தது. இன்னும் ஏதாவது வரும் என்று அப்படியே நின்றேன். என் வீட்டுக்காரி பின்னால் வந்து நின்றாள்.

"சுவத்துல இன்னா பண்ற? காது வளக்கறியா?"

இரண்டு நாள் என்றால் அவருக்கு இரண்டு நாள்தான். ஒரு மணி நேரம் முன்னால் கேட்டாலும் தர மாட்டார். கேட்காவிட்டாலும் அந்த நேரத்துக்குத் தந்துவிடுவார். அந்தத் தடவை பையன் டீக்கடையில் நின்றான். இவர் தேடிக்கொண்டு போய், அவன் சிநேகிதர்கள் முன்னால் ஒன்றும் பேசாமல் சாவியைக் கையில் வைத்துவிட்டு வந்தார். பழைய பேச்சை எடுக்கவே மாட்டார். சாவி திரும்பிப் போனால் அந்த விஷயம் செத்தது.

ஒரு தடவை சாவி தர வேண்டிய நாளில் மண்டியில் லாரி லேட். மூன்று மணி நேரம் கழித்து வந்தார். வந்ததும் பையனிடம் போனார்.

"மூணு மணி நேரம் லேட்டு. தப்பு என்னுது. அடுத்த தடவை மூணு மணி நேரம் கம்மி."

பையன் இதைத் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தான். "எங்கப்பாகிட்ட எனக்கு மூணு மணி நேரம் பாக்கி இருக்குது."

எனக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"இன்னாண்ணா இது, ரெண்டு நாளு மூணு நாளுன்னு கடிகாரம் பாத்துகினு. ஒண்ணு வச்சா முடிஞ்சுது."

"வச்சா எனக்கு முடிஞ்சிடும்பா. அவனுக்கு அங்கதான் ஆரம்பிக்கும்."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கப்பா என்னை அடித்துத்தான் வளர்த்தார். எனக்கு என்ன குறை என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

அப்புறம் அந்த ஐஸ் கதை.

ஒரு சித்திரை பௌர்ணமி. வெயில் கொளுத்தியது. பையனும் சிநேகிதர்கள் இரண்டு பேரும் மலை சுற்றுகிற ரோட்டில் அடி அண்ணாமலையில் எலுமிச்சை ஜூஸ் கடை போட்டார்கள். மலை சுற்றுகிற கூட்டம் மதியமே வர ஆரம்பிக்கும். பையன் பொறுப்பு ஐஸ். டவுனில் வாங்கிப் பைக்கில் கொண்டுவர வேண்டும்.

மூன்று நாள் முன்னால் ராத்திரிச் சாப்பாட்டில் அம்மாவை ஏதோ சொல்லிவிட்டான். தட்டைத் தள்ளினான். இவர் வாசலில் உட்கார்ந்து எழுந்து போய்ச் சொல்லிவிட்டார். மூன்று நாள் சாவி கிடையாது. பௌர்ணமி அன்று ராத்திரி எட்டு மணிக்குத்தான் கெடு முடியும்.

"எனக்கு மூணு மணி நேரம் பாக்கி இருக்குது" என்றான் பையன்.

"ஆமா. அஞ்சு மணிக்குத் தரேன்."

"ஐஸ் மூணு மணிக்கு வேணும்பா!"

தெருவே வந்து கேட்டது. பௌர்ணமிக்கு விட்டுக்கொடுங்கண்ணா என்றார்கள். நான் ஆட்டோவில் கொண்டுவிடுகிறேன் என்றேன். ஆனால் மதியத்துக்கு மேல் அந்த ரோட்டில் ஆட்டோ விட மாட்டார்கள். பைக் என்றால் கொல்லைமேட்டுக் குறுக்கு வழியில் நுழையலாம்.

"சொன்னா சொன்னதுதான். வண்டி கெடையாது" என்றார். "ஆனா ஐஸ் போவணும்ல. நான் இருக்கேன், வா."

டவுனில் ஐஸ் கட்டி வாங்கிவந்து சாக்கில் கட்டினோம். செருப்பைக் கழற்றி வீட்டில் விட்டார். மலை சுற்றுகிற ரோட்டில் செருப்புப் போட மாட்டார். துண்டைச் சுருட்டித் தலையில் வைத்தார். சாக்கைத் தூக்கி மேலே ஏற்றிக்கொண்டு நடந்தார். சின்னச் சாக்கு ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். பையன் எலுமிச்சம்பழப் பையோடு பத்தடி பின்னால் வந்தான். எங்களைத் தெரியாதவன் மாதிரி.

ஒரு மணி நேர நடை. ஐஸ் உருகி அவர் முதுகெல்லாம் தண்ணீர். நல்லா இருக்குதுப்பா, ஏசி மாதிரி என்றார். நனைந்த கால் தார் ரோட்டில் தடம் வைத்துக்கொண்டே போனது.

பாதி வழியில் ஒரு ஆந்திராக்காரம்மா எதிரில் நின்றார். இவரை மேலும் கீழும் பார்த்தார். வெயில், வெறுங்கால், தலையில் சுமை, உடம்பெல்லாம் தண்ணீர். பெரிய வேண்டுதல் என்று நினைத்துவிட்டார். சடாரென்று காலில் விழுந்தார். அவர் பின்னால் வந்த குடும்பமும் விழுந்தது. ஆறு பேர்.

இவரால் குனியவும் முடியவில்லை, விலகவும் முடியவில்லை. தலையில் ஐஸ்.

யாருக்காக வேண்டுதல் என்று அந்த அம்மா தெலுங்கில் கேட்டார். மண்டிக்கு வரும் லாரிக்காரர்களிடம் பழகி இவருக்குக் கொஞ்சம் தெலுங்கு வரும்.

"மா அப்பாயி கோசம்" என்றார். எங்க பையனுக்காக.

பின்னால் நின்ற பையனைக் கையால் காட்டினேன் நான். சும்மா இருக்க முடியவில்லை. அந்த அம்மா நேராக அவனிடம் போனார். நெற்றி நிறையத் திருநீறு பூசினார். இப்படி ஒரு அப்பன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும், அவர் பேச்சைக் கேள் என்று தெலுங்கில் அரை நிமிஷம் சொன்னார். அவனுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் புரிந்துவிட்டது.

அவர்கள் போனதும் பையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தான். முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்தான். அவரும் சிரித்தார். தலையில் சாக்கு ஆடியது.

"சிரிக்க வைக்காதடா. கீழ விழுந்துடும்."

"குடுப்பா. கொஞ்ச தூரம் நான் தூக்கறேன்."

"கழுத்து புடிச்சிக்கும்."

"குடுப்பான்னா."

ஒரு இருபது அடி தூக்கினான். கால் பின்னியது. அவரே வாங்கிக்கொண்டார். ஆனால் அதற்கப்புறம் பையன் பின்னால் வரவில்லை. பக்கத்தில் வந்தான்.

கடையில் கூட்டம் நெட்டித் தள்ளியது. ஐந்து மணிக்கு இவர் இடுப்பு மடிப்பிலிருந்து சாவியை எடுத்துப் பையனிடம் நீட்டினார்.

"வண்டி வீட்ல கெடக்குது. இத வச்சி நான் இங்க இன்னா பண்றது?"

"அது எனக்குத் தெரியாது. மணி அஞ்சு."

திரும்பி வரும்போது நாங்கள் இரண்டு பேர்தான். நான் மறுபடி கேட்டேன். உங்களுக்கு இவ்வளவு பொறுமை எப்படி வந்தது என்று.

"பெரியவனப் பாத்திருக்க இல்ல?" என்றார்.

பெரிய பையன் பெங்களூரில் வேலை. பொங்கலுக்கு வருவான். நல்ல பையன்.

"பேசும்போது தலைய ஒரு பக்கமா சாய்ப்பானே."

"ஆமாண்ணா. ஸ்டைலா இருக்கும்."

"ஸ்டைல் இல்லப்பா. இடது காது கேக்காது. பதினஞ்சு வயசுல ஒண்ணு வச்சேன். ஒண்ணே ஒண்ணு."

கொஞ்ச தூரம் நடந்தோம்.

"அன்னிக்கி அவன் பேசினது இன்னான்னு இப்போ எனக்கு ஞாபகம் இல்ல. அடிச்சது மட்டும்தான் இருக்குது."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

கேட்டுத் திருந்தினேன் என்று எழுத ஆசைதான். திருந்தவில்லை.

மகள் பத்தாவது வந்தாள். ஒருநாள் சாயந்திரம் போனைக் கீழே வைத்துவிட்டுப் படி என்றேன். வைக்கவில்லை. பிடுங்கப் போனேன். அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"அஞ்சாவது படிச்சவருக்கு பத்தாவதப் பத்தி இன்னா தெரியும்?"

அன்றைக்கு என் வீட்டுக்காரி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். நடுவில் யாரும் இல்லை.

ஐந்து விரலும் கன்னத்தில் தெரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவி நின்றது.

மகள் அழவில்லை. என்னைப் பார்த்தாள். அப்புறம் பார்க்கவில்லை. பன்னிரண்டு நாள் ஒரு வார்த்தை இல்லை. நான் வீட்டுக்குள் வந்தால் எழுந்து பின்பக்கம் போய்விடுவாள். அம்மாவிடம் சொல்லிவிட்டாள். போளூரில் மாமா வீட்டில் இருந்து படிக்கிறேன், டி.சி. வாங்கிக் கொடு என்று.

"போவட்டும்" என்றாள் என் வீட்டுக்காரி. "இங்க இருந்தா இன்னொரு தடவ வைப்ப. காலைல போளூர் பஸ் ஏத்தி விடு. எங்கண்ணன் அங்க வந்து நிப்பாரு. டி.சி. நான் பாத்துக்கறேன்."

அது ஞாயிற்றுக்கிழமை. நான் பக்கத்து வீட்டு வாசல் படியில் போய் உட்கார்ந்தேன். அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். திட்டவில்லை.

"மன்னிப்பு கேட்டியா?"

"நான் அப்பன்ணா."

"அதுக்குத்தான் கேக்கச் சொல்றேன். அடிச்சது இன்னா, பக்கத்து வீட்டுக்காரனா?"

"அவ பேசினது?"

"அது வேற மூட்டை. மொதல்ல ஒண்ண எறக்கு. அப்பறம் அத எடு. ரெண்டையும் சேத்துத் தூக்கினா இடுப்பு போயிடும்."

"எப்பிடி கேக்கறது?"

"அடிச்சது தப்புன்னு சொல்லு. அதோட நிறுத்து. ஆனா நீ பேசினதுன்னு இழுக்காத. நான் பெரியவன்கிட்ட அப்பிடி இழுத்தேன். மறுபடி அவன் என் எதிர்ல உக்கார நாலு வருஷம் ஆச்சு."

திங்கட்கிழமை காலையில் மகள் பையோடு ஆட்டோவில் ஏறினாள். பின் சீட்டில் ஓரமாக உட்கார்ந்தாள். கண்ணாடியில் அவள் பாதி முகம் தெரிந்தது. எனக்கு அந்த வசதி இருந்தது. ஓட்டுகிறவன் முன்னால் பார்த்துத்தான் பேச வேண்டும்.

தேரடி தாண்டினேன். வாய் வரவில்லை. காந்தி சிலை தாண்டினேன். வரவில்லை. இனி பஸ் ஸ்டாண்டுதான்.

"அடிச்சது தப்பும்மா" என்றேன்.

தொண்டைக்குள் மீதி வந்து நின்றது. ஆனா நீயும் என்று. விழுங்கினேன். அவள் முகத்தைப் பார்க்கலாம் என்று திரும்பினேன்.

"முன்னாடி பாத்து ஓட்டுப்பா! மாடு!"

பிரேக் போட்டேன். மாடு ஆட்டோவை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்தது. பன்னிரண்டு நாளில் அவள் பேசின முதல் பேச்சு அது.

பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே நிறுத்தினேன். அவள் இறங்கவில்லை.

"நான் தப்பு பண்ணா போன் புடுங்கற. பக்கத்து வீட்டு அண்ணன் பண்ணா சாவி புடுங்கறாங்க. நீ அடிச்சதுக்கு உனக்கு இன்னா?"

இதை நான் யோசிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரும் சொல்லித்தரவில்லை.

"நீயே சொல்லும்மா" என்றேன்.

யோசித்தாள். கண்டக்டர் போளூர் போளூர் என்று கூவினார்.

"முப்பது நாள். வீட்ல யார்கிட்டயும் கத்தாம பேசணும். நடுவுல கத்தினா மறுபடி ஒண்ணுலேர்ந்து."

"சரி."

"சும்மா சரின்னு சொல்லாத."

"சும்மா இல்லம்மா."

கொஞ்ச நேரம் பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"நான் பேசினதும் தப்புதான்" என்றாள். "அதுக்கு எத்தினி நாளு?"

"அஞ்சு நாள் போன் கெடையாது."

"மூணு."

"அஞ்சு."

சின்னக் குரலில்தான் சொன்னேன். அவள் போனை எடுத்து முன் சீட்டுக்கு நீட்டினாள். வாங்கிச் சட்டைப் பையில் போட்டேன். போளூர் பஸ் நகர்ந்தது.

"பஸ் போயிடுச்சே" என்றேன். "அடுத்தது இருக்குது."

"நான் போளூர்ல உக்காந்துகினு இங்க நீ கத்தறியா இல்லியான்னு எப்பிடிப் பாக்கறது?"

வண்டியை ஸ்டார்ட் பண்ணினேன்.

"வண்டியத் திருப்புப்பா. ஸ்கூலுக்கு லேட் ஆவுது."

அவள் இப்போது காலேஜ் இரண்டாம் வருஷம். பக்கத்து வீட்டுக்காரர் பெரிய பையனோடு பெங்களூர் போய்விட்டார். சின்னவன் ஓசூரில் வேலைக்குப் போகிறான். என் கை அதற்கப்புறம் எழவில்லை. வாய்தான் எழுகிறது. சமையலறை காலண்டரில் மகள் தினமும் எண் போடுகிறாள். முப்பது இன்னும் வரவில்லை.

வாரத்துக்கு ஒரு தடவை அவர் போன் பண்ணுவார். மழை, மண்டி, நெல் விலை எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் கேட்பார்.

"எத்தினியாவது நாளுப்பா?"

"இன்னிக்கி மூணுண்ணா."

"போன தடவை இருபத்தாறுன்னு சொன்ன?"

"ஆமாண்ணா. மூணு நாள் முன்னாடி வண்டி ரிப்பேரு. வீட்டுக்காரிகிட்ட கத்திட்டேன்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சிரிப்புதான் கேட்கும்.

"பரவால்ல. மூணு வந்துடுச்சில்ல" என்பார்.